லொசேரில் மார்கழி

வளைகுடா நாட்டில், ஈசா டவுனில் இருக்கும் மகள் வீட்டில், பேத்தி பள்ளிக்காக ஒட்டிய வரைபடத்தின் பசை வாசனை, காரைக்காலில் இப்போது இல்லாத எங்கள் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துக்கு என்னைக் கொண்டுபோனது. ஒரு மேடுகூடக் கண்டிராத நாங்கள், பிரான்சில் லொசேர் என்ற மாவட்டத்தின் மலைகளையும், மாந்த், ஃப்ளோராக், மார்வெஷோல் என்ற ஊர்களையும் ராகம் போட்டுச் சொல்வோம்.

ஐந்தாம் வகுப்பில் பரிசோதிக்க வந்த துரைக்குப் பதில் சொன்னால்தான் மேல்வகுப்பு. லொசேரில் கடுங்குளிர் எந்த மாதம் என்று என்னைக் கேட்டார். கூச்சத்தில் பிரெஞ்சு மறந்துபோய், "மார்கழி" என்றேன்.

"ஏண்டி, அங்கயும் வாசல்ல கோலம் போடுவாங்களா?" என்றாள் பக்கத்தில் இருந்தவள். வகுப்பே சிரித்தது. துரை அடுத்த பிள்ளையிடம் போய்விட்டார்.

அதோடு என் படிப்பு நின்றது. பள்ளிக்குப் பின்னால்தான் எங்கள் வீடு. மாவாட்டும்போது பிள்ளைகள் ஊர்ப்பெயர் சொல்வது கேட்கும். ஒருநாள் மார்வெஷோலை விட்டுவிட்டார்கள். நான் குழவியை நிறுத்திவிட்டு அந்தப் பெயரைச் சொன்னேன். யாருக்கும் கேட்டிருக்காது.