வெள்ளிக்கிழமைக் கட்டம்

என் தம்பிக்கு நாற்பது தாண்டிவிட்டது. தானே குளிப்பான், தானே சாப்பிடுவான். தனியாக ரோட்டைக் கடக்கத் தெரியாது. பிறந்ததிலிருந்தே புத்தி வளர்ச்சி கம்மி. அம்மா இருந்தவரை அவன் பொழுது அம்மாவோடு கழிந்தது. அம்மா போனபின் நான்தான். நானோ நாங்குநேரிப் பள்ளிக்கூடத்துக்குக் காலையில் பஸ் பிடிக்க வேண்டியவள். பாளையங்கோட்டையில் இவனைப் போன்றவர்களுக்கு ஒரு பகல் மையம் இருக்கிறது என்று கேள்விப்பட்டுச் சேர்த்துவிட்டேன்.

அங்கிருந்து ஒரு பிள்ளை வீட்டுக்கு வந்தாள். பெரிய சார்ட் பேப்பரைத் தரையில் விரித்து ஏழு கட்டம் போட்டாள். நாளுக்கு ஒரு கட்டமாக, அவனுக்குப் பிடித்த மாதிரி ஒரு வாரத்துக்குத் திட்டம் போட வேண்டுமாம்.

"திங்கக்கிழம யோகா போடு" என்றேன் நான்.

"நீங்க சொல்லாதீங்கக்கா, அவுங்க சொல்லட்டும்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இவனுக்குச் சோறு போடுவது நான், துணி துவைப்பது நான், வாரம் மட்டும் இவன் சொல்வானாக்கும்! ஆனால் சொன்னானே. திங்கட்கிழமை ஜங்ஷனுக்குப் போய் ரயில் பார்க்க வேண்டும். செவ்வாய்க்கிழமை பச்சைப் பட்டாணி உரிக்க வேண்டும். புதன்கிழமை ஆற்றில் குளிக்க வேண்டும், நான் கூட வரக்கூடாது, சத்தம் போடுவேனாம். அந்தப் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஒவ்வொரு கட்டத்திலும் அவள் ஒரு படம் வரைந்தாள்.

"வெள்ளிக்கிழம என்ன செய்யலாம்ணே?"

"வெள்ளிக்கிழம எங்கம்மா வருவா" என்றான்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

இது எங்கள் மாமா செய்த வேலை. அம்மாவின் உடலை ஆஸ்பத்திரியிலிருந்து ஆம்புலன்ஸில் கொண்டுவந்து இறக்குவதற்கு முன்பே, "அவனுக்கு ஒண்ணும் தெரியாது, பாத்தா பயந்துருவான்" என்று சொல்லித் தம்பியைப் பக்கத்து வீட்டில் டிவி முன்னால் உட்கார வைத்துவிட்டார். எல்லாம் முடிந்து வீடு கழுவின பிறகுதான் கூட்டி வந்தார்கள். அம்மா எங்கே என்று கேட்டான். "ஆஸ்பத்திரில இருக்கா, வெள்ளிக்கிழம வந்துருவா" என்றார் மாமா. எந்த வெள்ளிக்கிழமை என்று அவன் கேட்கவில்லை. அதனால் எல்லா வெள்ளிக்கிழமையும் கேட் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டான். ஆட்டோச் சத்தம் கேட்டால் எழுந்து நிற்பான். அன்றைக்கு மட்டும் மைய வேனில் ஏற மாட்டான். பாவி மனுஷன், ஒரு வாய்ப்பேச்சில் என் பிள்ளையை வாசலில் கட்டிப்போட்டுவிட்டாரே என்று எனக்கு வயிறு எரியும்.

அந்தப் பிள்ளை அடுப்படிக்கு வந்தாள். "இத நான் படமா வரைய முடியாதுக்கா. நீங்கதான் சொல்லணும்" என்றாள்.

மாமாவுக்குப் போன் போட்டேன். "செவ்வா வெள்ளில சொல்லாத தாயி, நல்ல நாள் பாத்துச் சொல்லு" என்றார்.

"செத்ததுக்கு நாள் பாக்கல, சொல்லுததுக்கு மட்டும் நாளு பாக்கணுமோ?" என்று கத்திவிட்டு வைத்துவிட்டேன். ஆனாலும் வியாழக்கிழமை சாயங்காலம்தான் சொன்னேன். அவனை இன்னொரு வெள்ளிக்கிழமை அந்த நாற்காலியில் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, அம்மா இனும வரமாட்டா. அம்மா செத்துப்போயிட்டாடா" என்றேன். சாமிகிட்ட போய்விட்டாள் என்றெல்லாம் சொன்னால் அங்கே போகலாம் என்பான். அதனால் உடைத்தே சொன்னேன்.

என் முகத்தையே பார்த்தான். அழவில்லை. புரியவில்லை போலிருக்கிறது, இன்னொரு தடவை சொல்ல வேண்டுமே என்று நினைத்தேன்.

"கொள்ளி யாரு வச்சா?" என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பாவுக்குக் கொள்ளி வைத்தவன் அவன்தான். அப்போது அம்மா உயிரோடிருந்தாள். யாரையும் பேசவிடாமல் அவன் கையில் கொள்ளிச் சட்டியைக் கொடுத்து அனுப்பினாள். அதை நாங்கள் எல்லோரும் மறந்தேபோனோம்.

"மாமா மவன் வச்சான்" என்றேன்.

"நான்லா வைக்கணும்" என்றான். "நான்லா அம்மாக்கு மவன்."

பிறகு அழுதானே ஒரு அழுகை, அப்பா! தெரு முழுக்கக் கேட்டது. பக்கத்து வீட்டு அக்கா மாவு பிசைந்த கையோடு ஓடி வந்தாள். அன்றைக்கு அவனை டிவி முன்னால் வைத்துப் பார்த்துக்கொண்டவள் அவள்தான். "ஏ அய்யா, என்னாச்சு?" என்றாள்.

"எங்கம்மா செத்துட்டாக்கா" என்றான் அவன்.

அவளுக்கு அது தெரியாத செய்தியா? இருந்தாலும் அப்போதுதான் கேள்விப்பட்டவள் போல, "என்னப் பெத்த அய்யா, உன்ன விட்டுட்டுப் போயிட்டாளே" என்று அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். எங்கள் வீட்டுக்கு ஊரே வந்து துக்கம் கேட்டுவிட்டுப் போயிருந்தது. அவனிடம் அதுவரை ஒருவரும் கேட்கவில்லை.