விற்பதற்காகச் சூடான வீடு

ரோவில் என்ற புறநகரில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீடு எவ்வளவு சூடு தாங்கும் என்று சோதிக்க ஒரு பெண் வந்தாள். வீட்டுக்காரர் அதை விற்கப் போகிறார். இப்போது வாங்க வருகிறவர்கள் வீடு குளிருமா, கரண்ட் பில் எவ்வளவு வரும் என்றெல்லாம் கேட்கிறார்களாம். ஒரு சோதனை செய்து, குறைகளைத் திருத்தி, வீட்டுக்கு நல்ல நட்சத்திர மதிப்பீடு வாங்கி விளம்பரத்தில் போட்டால் விலை கூடும் என்று ஏஜென்ட் அவருக்குச் சொல்லியிருக்கிறான். நாங்கள் வருடக்கணக்காக விறைத்துக் கிடந்த வீடு அது. அந்தக் குளிர் அவருக்கு அன்றுதான் ஒரு பிரச்சினையாகத் தெரிந்தது.

வீட்டுக்காரரும் எங்கள் ஊர்ப் பக்கத்து ஆள்தான். நாங்கள் படகில் வருவதற்கு வெகுகாலம் முன்பே விமானத்தில் வந்து இறங்கி, படித்து, வேலை எடுத்து, வீடுகள் வாங்கியவர். அகதி முகாமிலிருந்து வெளியே விட்ட பிறகு, தற்காலிக விசாவோடு நானும் கணவரும் கைக்குழந்தையுமாக வீடு தேடி அலைந்தபோது, எந்த ஏஜென்டும் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. கோயிலில் யாரோ சொல்லித்தான் அவரிடம் போனோம். அவர் ஒன்றும் கேட்காமல் வீட்டுத் திறப்பைக் கையில் தந்தார். அன்றிலிருந்து அவர் எங்களுக்கு அண்ணை. நான் அவருக்குத் தங்கச்சி.

பின்பக்கத்தில் ஒரு அறை இருந்தது. பழைய வீட்டோடு பிறகு ஒட்டிக் கட்டியது. "இது பிள்ளைக்கு நல்ல அறை" என்று அவரே காட்டினார். அந்த அறையில்தான் என் மகள் வளர்ந்தாள். குளிர்காலத்தில் அங்கே பேசினால் வாயிலிருந்து புகை வரும். கூரையின் மூலையில் கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சணம் பிடிக்கும். கதிரையில் ஏறி நின்று பிளீச் போட்டுத் துடைப்பேன். அடுத்த மழைக்குள் அது திரும்பவும் வந்துவிடும். மகளுக்கு இருமல் தொடங்கி இழுப்பில் போய் முடியும். சேர்ந்து படுக்கலாம் என்றால் எங்கள் அறையில் இரண்டு பேர் படுக்கவே இடமில்லை. ஹோலில் மெத்தை போட்டு அவளை ஹீட்டருக்குப் பக்கத்தில் படுக்க வைத்த நாட்கள்தான் அதிகம்.

அண்ணையிடம் சொல்லாமல் இல்லை. முதல் தடவை சொன்னபோது ஜன்னலைத் திறந்து வைக்கச் சொன்னார். பிறகு, நான் குழம்பைக் கொதிக்க விடுவதாலும் உடுப்பை உள்ளே காயப் போடுவதாலும் வருகிற ஈரம்தான் பூஞ்சணத்துக்குக் காரணம் என்றார். நான் குசினிக் கதவைச் சாத்திவிட்டுச் சமைக்கப் பழகினேன். ஈர உடுப்பைக் கராஜில் கட்டிய கயிற்றுக்குக் கொண்டுபோனேன். பூஞ்சணம் அப்படியேதான் வந்தது. கடைசியாகக் கேட்டபோது அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"அகதிக் காம்பில கிடந்ததை விட இது திறம்தானே, தங்கச்சி."

அதற்குப் பிறகு நாங்கள் கேட்கவில்லை.

சோதிக்க வந்த பெண் அவசரப்படாமல் வேலை செய்தாள். ஜன்னல்களை அளந்தாள். கதவுகளின் கீழே கையை வைத்துக் காற்று வருகிறதா என்று பார்த்தாள். ஏணி வைத்துக் கூரைக்குள் தலையை விட்டு டோர்ச் அடித்தாள். பிறகு சூட்டையும் குளிரையும் நிறமாகக் காட்டுகிற கமரா ஒன்றை எடுத்தாள். அண்ணையும் நானும் அவள் பின்னால் அறை அறையாக நடந்தோம். ஹோலின் கூரை திரையில் செம்மஞ்சளாகத் தெரிந்தது. மகளின் அறைக்குள் போனதும் திரை முழுவதும் கருநீலமாகிவிட்டது. பூஞ்சணம் பிடிக்கிற மூலை எல்லாவற்றையும் விடக் கறுத்துக் கிடந்தது.

அவள் அண்ணையிடம் ஆங்கிலத்தில் விளக்கினாள். பழைய வீட்டின் கூரைக்குள் சூட்டை வெளியே விடாமல் பிடிக்கிற இன்சுலேஷன் விரிப்பு இருக்கிறதாம். இந்த அறைக்கு மேலே ஒரு துண்டு கூட இல்லையாம். குளியலறை விசிறி ஈரக்காற்றை வெளியே தள்ளாமல் இந்தக் கூரைக்குள்ளேயே விடுகிறதாம். ஜன்னலைத் திறந்து வைத்தால் சரிவருமா என்று நான் கேட்டேன். இந்தக் கூரைக்கு அதெல்லாம் போதாது என்றாள். அறையை யார் கட்டியது என்று அவள் கேட்க, தானே ஆள் பிடித்துக் கட்டியதாக அண்ணை சொன்னார்.

அவள் வெளியே போய்ச் சுடுதண்ணீர்ச் சிலிண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் கேட்டேன்.

"அண்ணை, என்ர சமையலாலதான் ஈரம் எண்டு சொன்னனீங்கள்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "இது பிள்ளையள் விளையாடட்டும் எண்டு கட்டினது, தங்கச்சி. படுக்கிறதுக்கு எண்டு கட்டேல்ல."

அந்த அறை படுக்க உதவாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதற்கு மேல் கேட்டிருந்தால் அழுதிருப்பேன், அவர் முன்னால் அழ எனக்கு விருப்பமில்லை.

திருத்த வேலைகள் மளமளவென்று நடந்தன. இரண்டு பேர் வந்து கூரைக்குள் ஊர்ந்து இன்சுலேஷன் விரித்தார்கள். விசிறிக்குக் குழாய் போட்டு வெளியே விட்டார்கள். கதவு இடுக்குகளை அடைத்தார்கள். ஹோலில் புது ஹீட்டர் வந்தது. எல்லாம் ஏழே நாளில், ஒரு கிழமைக்குள் முடிந்துவிட்டது. இத்தனை வருடமும் இதைச் செய்திருக்கலாம் என்பதுதான் என்னைத் தின்றது. மகள் தன் அறையில் காலுறை இல்லாமல் படுத்தாள். "அம்மா, it's actually nice" என்றாள். நாங்கள் வெளியேற வேண்டிய நாள் அதற்கு முன்பே குறிக்கப்பட்டிருந்தது.

வாங்குகிறவர்கள் பார்க்க வருகிற சனிக்கிழமை, முன்கூட்டியே ஹீட்டரைப் போட்டு வைக்கும்படி ஏஜென்ட் சொல்லியிருந்தான். கணவர் வேலைக்குப் போயிருந்தார். நானும் மகளும் வீட்டிலேயே நின்றோம். மழை. சனம் ஈரச் சப்பாத்தோடு வந்து அலுமாரிகளைத் திறந்து பார்த்தது. ஒரு வெள்ளைக்காரப் பெண், வயிற்றில் பிள்ளையோடு, மகளின் அறைக்குள் வந்து சுவரைத் தொட்டுப் பார்த்தாள். குழந்தைக்கு இந்த அறைதான் என்று புருஷனிடம் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பி, குளிர்காலத்தில் இங்கே குளிருமா என்று கேட்டாள்.

அண்ணை வாசலில் நின்றார். அது எனக்குத் தெரியும். எனக்கு வருகிற ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னேன்: இப்போது குளிராது, இதைத் திருத்திக் கொஞ்ச நாள்தான், அதற்கு முன் என் பிள்ளை ஒவ்வொரு குளிர்காலமும் இந்த அறையில் இருமலும் வருத்தமுமாகக் கிடந்தாள்.

அந்தப் பெண் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். திருத்திவிட்டார்கள் என்பது நல்ல விஷயம் என்று சொல்லிவிட்டுக் குளியலறையைப் பார்க்கப் போனாள்.

எல்லோரும் போன பிறகு அண்ணை குசினிக்குள் வந்தார்.

"ஒருத்தரும் உங்களுக்கு வீடு குடுக்காத நேரம் நான் தந்தனான். அதுக்கு இதுதானோ கைம்மாறு?"

"ஓம் அண்ணை, தந்தனீங்கள். அதாலதான் இவ்வளவு காலமும் வாய் திறக்காமல் இருந்தனான்."

அவர் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். என் பேச்சால் அவருக்கு ஒரு நட்டமும் வரவில்லை. அதே பெண்ணும் புருஷனும்தான் வீட்டை வாங்கினார்கள். நல்ல விலை என்று கேள்விப்பட்டோம்.

நாங்கள் டண்டினோங் பக்கம் ஒரு சின்ன யூனிட் வீட்டுக்கு வந்தோம். அதைப் பார்க்கப் போனபோது, கூரைக்குள் இன்சுலேஷன் இருக்கிறதா என்று அங்கிருந்த ஏஜென்ட் பெண்ணிடம் கேட்டேன். தெரியாது என்றாள். பிறகு எனக்குப் பின்னால் நின்றவர்களிடம் திரும்பி அவர்களோடு பேசத் தொடங்கினாள். வேறு வழியில்லாமல் அதையே எடுத்தோம். மகளுக்கு இன்னும் இருமல் வருகிறது. முந்தி மாதிரி மோசம் இல்லை.

போன மாதம் ஒரு கலியாணத்தில் அண்ணையைக் கண்டோம். உதவி செய்தவனையே காட்டிக்கொடுத்த ஆட்கள் என்று அவர் எங்களைப் பற்றிச் சொல்லித் திரிகிறார் என்பது ஏற்கெனவே என் காதுக்கு வந்திருந்தது. கணவர் எழுந்து போய் அவருக்குக் கை கொடுத்துவிட்டு வந்தார். நான் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடி இருந்தேன்.

காரில் வரும்போது கணவர் சொன்னார்: "என்ன இருந்தாலும் அந்த நேரத்தில வீடு தந்த மனுசன்."

தந்தவர்தான். அதை நான் ஒருநாளும் இல்லையென்று சொன்னதில்லை. நான் காரின் ஹீட்டரைக் கொஞ்சம் கூட்டினேன். பின்சீற்றில் மகள் தூங்கிப்போயிருந்தாள்.