உலகத்தின் அடிப்பக்கம்

எங்கள் வீட்டில் கொஞ்ச காலம் உலகம் தட்டையாக இருந்தது. நான் ஐந்தாவது படித்த வருடம் அது, தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நாங்கள் வாடகைக்கு இருந்த நீலசந்திராவில், எங்கள் தெருவின் மற்ற வீடுகளில் அது உருண்டையாகத்தான் இருந்தது. பள்ளிக்கூடத்தில் சந்தேகத்துக்கே இடமில்லாமல் உருண்டை. மாலையில் பையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசற்படி ஏறியதும் தட்டையாகிவிடும். அதற்குக் காரணம் என் மாமா.

மாமா அம்மாவுக்குத் தம்பி. இருவரும் தங்கவயலில் பிறந்து வளர்ந்தவர்கள். மாமா அங்கே தங்கச் சுரங்கத்தில் இறங்கி வேலை செய்துகொண்டிருந்தார். ஒருநாள் கீழே பாறை வெடித்துச் சரிந்தது. மாமாவை மேலே கொண்டுவந்துவிட்டார்கள். அவரோடு ஜோடியாக வேலை பார்த்த சின்னப்பன் வரவில்லை. அவ்வளவு ஆழத்தில் பாறை வழியை அடைத்துக்கொண்டதால், தேடிப் போனவர்களால் அவரை நெருங்க முடியவில்லை. அதன் பிறகு மாமா சுரங்கப் பக்கமே போகவில்லை. எங்களோடு வந்து தங்கி, பொம்மனஹள்ளியில் ஒரு துணிக் கம்பெனியில் இஸ்திரி போடும் வேலைக்குச் சேர்ந்தார்.

சாதுவான மனிதர். என் பள்ளிக்கூடப் பாவாடையை அவர்தான் இஸ்திரி போட்டுத் தருவார். அதன் மடிப்புகளைப் பார்த்து டீச்சரே ஒருமுறை, உங்கள் வீட்டில் யார் டோபி என்று கேட்டிருக்கிறார். மாமாவிடம் கோளாறு என்று சொல்ல ஒன்றே ஒன்றுதான் இருந்தது. உலகம் உருண்டை என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளமாட்டார்.

அப்பா ஆட்டோ ஓட்டினார். அவருக்கு இது நல்ல பொழுதுபோக்கு.

"ஏன் மச்சான், தட்டைன்னா ஓரம்னு ஒண்ணு இருக்கணுமே. நானும் அத்திபெலே வரைக்கும் சவாரி போயிட்டு வந்துட்டேன். அதத் தாண்டினா ஓசூர்தான் வருது. ஓரம் வரல."

மாமா சிரிக்கமாட்டார். "ஓரத்தப் பத்தி எனக்கு இன்னா தெரியும்? நான் அங்கல்லாம் போனதில்ல. கீழ போயிருக்கேன்."

நானும் என் பங்குக்குப் புத்தகத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். அதைத் தள்ளி வைத்துவிட்டு, "இத எழுதினவரு எவ்ளோ தூரம் எறங்கினாராம், பாப்பா?" என்று கேட்டார். புத்தகத்தில் அது இல்லை. பொதுவாகவே எனக்குப் பேச்சு வராது. உள்ளே ஒன்று ஓடும், வாய்க்கு வருவதற்குள் எதிராளி எழுந்து போயிருப்பார்.

அம்மா உருண்டைக் கட்சிதான். ஆனால் தெருவில் தண்ணீர் லாரி போய், அலமாரியில் டம்ளர்கள் நடுங்கினால் போதும், கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு வாசலைப் பார்த்து நிற்பார். தங்கவயலில் கீழே பாறை வெடித்தால் மேலே வீடுகளில் பாத்திரம் ஆடுமாம். அப்புறம் சுரங்கத்தில் அபாயச் சங்கு ஊதுமாம். அந்தச் சங்குக்காகத்தான் நிற்பார். இது நீலசந்திரா, இங்கே எதுவும் ஊதாது என்று நினைவு வந்ததும் மறுபடி வெங்காயம் நறுக்குவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா மார்க்கெட்டுக்குப் போயிருந்தபோது, இஸ்திரி போட்டபடியே மாமா என்னிடம் விஷயத்தைச் சொன்னார். உலகம் தோசைக்கல் மாதிரி. மேலே ஒரு பக்கம், அடியில் ஒரு பக்கம். கல்லுக்கு அடிப்பக்கம் இல்லாமல் இருக்குமா? பாறை சரிந்தபோது அவர் இந்தப் பக்கம், சின்னப்பன் அந்தப் பக்கம். அங்கே ஓடிய காற்றுக் குழாயில் கல்லால் தட்டித்தான் உள்ளே மாட்டியவர்கள் தாங்கள் இருப்பதைச் சொல்வார்களாம். சின்னப்பன் தட்டியிருக்கிறார். மாமா பதிலுக்குத் தட்டியிருக்கிறார்.

"அப்புறம் நின்னு போச்சுன்றாங்க எல்லாரும். நிக்கல பாப்பா. தூரமாப் போச்சு. நான் கேட்டுக்கினே இருந்தேன். கொஞ்சம் கொஞ்சமா கீழ எறங்கிப் போச்சு. வழி கண்டுபுடிச்சு நடந்துட்டான்."

"எங்க மாமா?"

"அடிப்பக்கத்துக்குத்தான். இந்நேரம் வெளிய வந்துருப்பான்."

சொல்லிவிட்டு சட்டைக் காலரைத் திருப்பிப் போட்டார்.

இப்போது என் மகன், உலகம் தட்டை என்று வாதாடுகிறவர்களைச் செல்போனில் எனக்குக் காட்டிச் சிரிக்கிறான். அவர்கள் படமெல்லாம் போட்டு, கணக்கெல்லாம் சொல்லி விளக்குகிறார்கள். எனக்கு அந்தக் கணக்கு எதுவும் பிடிபடுவதில்லை. இவர்களுக்கு அடிப்பக்கத்தில் யார் இருப்பார்கள் என்று மட்டும் யோசித்துக்கொண்டிருப்பேன்.

மாமா அதைச் சொன்ன நாளிலிருந்து சின்னப்பன் எங்களுக்குக் கீழே இருந்தார். தரைக்கு அந்தப் பக்கம், தலைகீழாக, என் பாதத்தோடு தன் பாதத்தை ஒட்டி வைத்துக்கொண்டு. நான் அடுப்படிக்குப் போனால் அவரும் வருவார். நான் நின்றால் அவரும் நிற்பார். நான் படுத்தால் அவர் என்ன செய்வார் என்று நினைக்கவே பயமாக இருந்தது. வெறுங்காலைத் தரையில் வைக்கக் கூசியது. வீட்டுக்குள் செருப்புப் போட்டு நடந்ததற்காக அம்மாவிடம் அடி வாங்கினேன்.

அந்தக் கோடையில் வீட்டு ஓனர் தண்ணீருக்காக முற்றத்தில் போர் போட்டார். ஒரே முற்றத்தைச் சுற்றி நாலைந்து வாடகை வீடுகள், அதில் ஒன்று எங்களுடையது. போர் லாரி உள்ளே வந்து நின்று பகல் முழுவதும் பூமியைக் குடைந்தது. வீட்டில் இருந்த எல்லாப் பாத்திரங்களும் ஆடின. அம்மா சமைக்கவே இல்லை, வாசலில் உட்கார்ந்துவிட்டார். மாமா வேலையிலிருந்து வந்ததும் நேராக லாரியின் பக்கத்தில் போய் நின்றார். தலை, புருவம், சட்டை எல்லாம் கல்மாவு படிந்து வெளுத்துப்போக, ஒவ்வொரு தண்டு இறங்கும்போதும் இன்னும் எவ்வளவு போகும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். கடைசிவரை வெறும் கல்மாவுதான் வந்தது. "நீரே இல்லா," என்று கன்னடத்தில் முனகிவிட்டு ஓனர் தலையில் கை வைத்தபடி போய்விட்டார். என் இடுப்பு உயரத்துக்கு ஓர் இரும்புக் குழாய் மட்டும் முற்றத்து நடுவில் மிஞ்சியது. அதன் வாயில் கோணியைப் போட்டுச் சணலால் கட்டிவைத்தார்கள்.

அடுத்த ஞாயிறு காலை, எல்லா வீட்டிலும் துணி துவைக்கிற நேரம், மாமா அந்தச் சணலை அவிழ்த்தார். மண்டியிட்டுக் குழாயில் காதை வைத்தார். ஒரு கல்லை எடுத்து இரும்பில் நிதானமாகத் தட்டினார். மறுபடி காதை வைத்துக் காத்திருந்தார். துணி துவைக்கும் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது.

என்னைப் பார்த்துக் கையசைத்தார். போகாமல் இருக்கத் தைரியமில்லாமல் போனேன். நல்ல வெயில், ஆனால் குழாய்க்குள்ளிருந்து குளிர்ந்த காற்று வந்தது. வந்து, கன்னத்தில் பட்டு, சற்று நின்று, மறுபடி உள்ளே போனது. மூச்சு விடுவதுபோல. காதை வைத்தேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு மிகவும் அடியில், டொக் என்று ஒரு சத்தம். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

"கேட்டுச்சுல்ல?" என்றார் மாமா.

தலையை ஆட்டினேன். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. குழியின் ஓரத்திலிருந்து கல் உதிர்ந்திருக்கும் என்று பின்னால் அப்பா சொன்னார். இன்றுவரை நானும் அதையே சொல்லிக்கொள்கிறேன்.

பிறகு ஒவ்வொரு ஞாயிறும் இது நடந்தது. மற்ற வீட்டுப் பிள்ளைகள் முற்றத்தில் விளையாட வரவில்லை. எதிர் வீட்டு அக்கா குழாயின் கழுத்தில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கட்டினார். "ஆட்டோவுக்கு ஒண்ணு கேட்டேன், இல்லன்னாங்க. கொழாய்க்குக் கட்டிட்டாங்க," என்று அப்பா குறைபட்டுக்கொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் மாமாவுக்குக் கல்யாணப் பேச்சு வந்தது. அதே கம்பெனியில் தையல் மெஷினில் இருந்த பெண். மத்தியானச் சாப்பாட்டை இருவரும் பங்கிட்டுச் சாப்பிடுவார்களாம். மாமாவே இதை அம்மாவிடம், சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அம்மா அன்று பாயசம் வைத்தார். இந்தக் கல்யாணம் நடந்துவிட்டால் தம்பி மனிதனாகிவிடுவான், தட்டிப்போனால் காலம் முழுக்க அந்தக் குழாயடியில்தான் கிடப்பான் என்று அப்பாவிடம் சொல்லிச் சொல்லி அழுதார்.

பெண்ணின் அப்பா பொம்மனஹள்ளியில் டீக்கடை வைத்திருந்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீடு பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார்.

"அந்தப் பேச்ச மட்டும் எடுக்காதடா தம்பி, உன் கால்ல வேணாலும் விழறேன்," என்றார் அம்மா. மாமா சரி என்றார். அம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை. பேச்சு அந்தப் பக்கம் திரும்பினால் உள்ளே வந்து எதையாவது சொல்லிக் கலைக்கவேண்டும் என்று என்னை ஏற்பாடு செய்தார்.

"இவளா? இவ வாயத் தொறக்கறதுக்குள்ள அவங்க பஸ் புடிச்சிப் போயிருவாங்க," என்றார் அப்பா. "ஒரு டம்ளரக் கீழ போடச் சொல்லு, அது போதும்."

அப்படியே முடிவானது.

பெண்ணின் அப்பாவும் அவருடைய தமக்கையும் வந்தார்கள். முற்றத்தில் எலுமிச்சம்பழம் கட்டிய குழாயைச் சுற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் உள்ளே நுழைந்தார். அம்மா கேசரிபாத் வைத்தார். நான் டம்ளரோடு கதவுத்திரைக்குப் பின்னால் நின்றேன். சம்பளம், ஊர், கம்பெனி ஓவர்டைம் எல்லாம் பேசி முடிந்தது. அவர் தட்டைக் கீழே வைத்தார்.

"தம்பி, டீக்கடைன்னா நாலு பேரு நாலு பேசுவான். நான் நேரா கேட்டுர்றேன், தப்பா நெனைக்காத. உலகம் உருண்டையா, தட்டையா?"

அப்பா சிரித்தார். வேறு யாரும் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டார். டம்ளரைப் போடவேண்டிய நேரம் இதுதான் என்று எனக்குத் தெரிந்தது. விரல்கள் விடமாட்டேன் என்றன.

"பொண்ணு இன்னா சொல்லுது?" என்று கேட்டார் மாமா.

"அதுக்கு உன்னத்தான் கட்டணுமாம். உலகம் சதுரமா இருந்தாலும் அதுக்குப் பரவால்ல. குடுக்கறவன் நானு, எனக்குத் தெரியணும்ல."

மாமா வாசல் வழியாக முற்றத்தைப் பார்த்தார். அப்போது அந்தச் சத்தம் கேட்டது. டொக். குழாய்க்குக் காது கொடுக்காமலே, திரைக்குப் பின்னால் நின்ற எனக்கே கேட்டது. அம்மாவின் கை கேசரிக் கரண்டியோடு அப்படியே நின்றது. பெண்ணின் அத்தை புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார். மறுபடி, டொக்.

"உருண்டைதாங்க," என்றார் மாமா. "அடியில ஒண்ணும் இல்ல."

"அவ்ளோதான் விஷயம்," என்று பெண்ணின் அப்பா தட்டை மறுபடி கையில் எடுத்தார். இன்னும் கொஞ்சம் கேசரி கேட்டார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே போட்டார். இனிமேல் அத்திபெலே தாண்டியும் தைரியமாகச் சவாரி போகலாம் என்று அப்பா சொன்னதற்கு இந்த முறை எல்லோரும் சிரித்தார்கள். ஆவணியில் கல்யாணம் என்று பேசினார்கள். அப்படியே நடக்கவும் செய்தது.

அவர்கள் போன பிறகு என்னைப்போல் சந்தோஷப்பட்டவர்கள் அந்த வீட்டில் இருந்திருக்கமாட்டார்கள். உலகம் உருண்டை என்று மாமாவே சொல்லிவிட்டார். உருண்டைக்கு அடிப்பக்கம் கிடையாது. அடிப்பக்கம் இல்லையென்றால் அங்கே சின்னப்பனும் இல்லை. செருப்பைக் கழற்றி வீசிவிட்டு, சாயங்கால வெயிலில் முற்றம் முழுக்க வெறுங்காலோடு ஓடினேன். தரை சூடாக, வெறும் தரையாக இருந்தது.

மாமா கோணியை எடுத்து வந்து குழாயின் வாயை மூடினார். சணலைச் சுற்ற ஆரம்பித்தவர் என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பா, உருண்டைன்னா அதுக்கு நடுவுல இன்னா இருக்கும்? உன் புக்குல போட்டிருக்கா?"

போட்டிருந்தது. படத்தோடு எனக்கு மனப்பாடம். வாழ்க்கையில் முதல்முறையாக எனக்குத் தெரிந்த ஒன்றை ஒருவர் கேட்டிருந்தார். திக்காமல் சொன்னேன்.

"நெருப்புக் குழம்பு மாமா. இரும்பே உருகி ஓடுமாம்."

"ஆளு யாராச்சும் இருக்க முடியுமா?"

"முடியாது. ஒரே நொடியில உருகிடுவாங்க."

"ஒரே நொடிதானா?"

"அவ்ளோதான்."

சணலை இன்னொரு சுற்றுச் சுற்றினார். முடிச்சுப் போடாமல் அதைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

"அந்த ஒரு நொடி வலி தெரியுமா, பாப்பா?"

பக்கத்தை மனதுக்குள் மேலிருந்து கீழ்வரை ஓட்டிப் பார்த்தேன். இல்லை.

"அது புக்குல இல்ல மாமா," என்றேன். "ஆறாவதுல வரும்."

மாமா தலையை ஆட்டினார். அவருக்குப் பாடத்தில் ஆர்வம் வந்துவிட்டது என்று அம்மாவிடம் சொல்ல நான் உள்ளே ஓடினேன்.