புகை வந்த வீடுகள்

அடையாள அட்டையைப் போட்டோ கொப்பி மெஷின் கண்ணாடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, அது சூடாகும்வரை காத்து நிற்பவரின் கையில் சுதாகரன் ஒரு தாளைத் திணித்துவிடுவார். “சும்மாதானே நிக்கிறீங்க, இதக் கொஞ்சம் சத்தமா வாசிங்க.” வாசிப்பவர் எந்த வரியில் தடுக்கி நிற்கிறாரோ, அந்த வரியைச் சிவப்புப் பேனையால் வெட்டிவிட்டு வேறு மாதிரி எழுதுவார். தடுக்கியவருக்கு ஒரு போட்டோ கொப்பி இலவசம்.

தலவாக்கலை பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே இருக்கிறது அந்தச் சின்னக் கடை. அங்கே இருந்துகொண்டுதான் அவர் ஒரு சரித்திரப் புத்தகம் எழுதுகிறார். எழுபதுகளின் பஞ்சம், கொரோனா ஊரடங்கு, மண்ணெண்ணெய்க் கியூ என்று கஷ்டம் வந்தபோதெல்லாம் தேயிலைத் தோட்டத்துச் சனம் என்ன செய்தது என்பதுதான் விஷயம். “லயத்துல தேத்தண்ணி குடிச்சுக்கிட்டே வாசிக்கிற மாதிரி இருக்கணும். அகராதி தேட வச்சா நான் தோத்தேன்” என்பார்.

என் பட்டச் சான்றிதழைப் பிரதி எடுக்கப் போன அன்றுதான் அவரைச் சந்தித்தேன். வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்து வீடுகளிலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். நாலு பேர் பார்க்கட்டும் என்றே சான்றிதழை உறையில் போடாமல் கொண்டுபோயிருந்தேன். அவர் திணித்த தாளை ஒரே மூச்சில் வாசித்தேன். அவர் முகம் விழுந்துவிட்டது. “நீங்க சரிப்பட மாட்டீங்க தம்பி. கெம்பஸ் போனவங்க எதக் குடுத்தாலும் கடகடன்னு வாசிச்சிர்றீங்க.” அன்று தொடங்கிய பழக்கம், இப்போதும் வேலை முடிந்து பஸ் வரும்வரை அங்கேதான் நிற்கிறேன்.

கடை வாசலில் நாற்காலி போட்டுத் தாள்களுக்கு ஸ்டேப்ளர் அடிப்பவர் அவருடைய அப்பா பழனியாண்டி. பஞ்சத்தின்போது சிறுவன். “ஊரெல்லாம் பஞ்சம். ஆனா எங்க லயத்துல ஒரு காம்பரா வீட்டுலகூட அடுப்புப் புகை நின்னதில்ல. எங்கம்மா ஒரு நாளும் அடுப்பக் குளிர விட்டதில்ல” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். புத்தகத்தின் முதல் அத்தியாயமே அந்தப் புகையில்தான் தொடங்கியது. இருந்ததைப் பகிர்ந்து சமைத்தார்கள், எந்த அடுப்பும் அணையவில்லை என்று.

போன மாதம் மீனம்மா வந்தார். பஞ்ச காலத்தில் பழனியாண்டி வீட்டுக்கு அடுத்த காம்பராவுக்கு வாழ வந்த புதுப்பெண் அவர். எழுத்து வாசிக்கத் தெரியாததால் சுதாகரனே முதல் அத்தியாயத்தை வாசித்துக் காட்டினார். பழனியாண்டி அப்போது கடையில் இல்லை.

“புகை வந்துச்சுதான்” என்றார் மீனம்மா. “பானையில தண்ணிதான் கொதிச்சுச்சு. ஒங்க அப்பாயி வீட்லயும் அதே கததான், எங்க வீட்லயும் அதே கததான்.”

“வெறும் தண்ணிக்கு எதுக்கு பெரியம்மா அடுப்பெரிக்கணும்?”

“புகை வரலைன்னா பக்கத்து வீட்டுக்காரி தன்கிட்ட இருக்கிற ஒரு பிடி மாவையும் கொண்டாந்து குடுத்துருவா. அப்புறம் அவ புள்ளைங்க என்னத்த திங்கும்? நீ எழுதுனது கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா நாங்க ஒன்னும் விருந்து வைக்கலடா.”

சுதாகரன் அத்தியாயத்தை மாற்றி எழுதினார். ஆனால் அந்தத் தாளை யார் கையிலும் கொடுக்கவில்லை. ஹட்டன் அச்சகத்துக்காரர் போனில் நச்சரித்துக்கொண்டிருந்தார். “‘எங்கம்மா அடுப்பு குளிரல’ன்னு சொல்லித்தான் அப்பா தல நிமிந்து நடக்கிறாரு. அதப் போயி நானே இல்லன்னு எழுதவா தம்பி?” என்று சுதாகரன் என்னிடம் கேட்டார். பிறகு அவரே, “எழுதாட்டி, ஊர்ல உள்ளவங்களையெல்லாம் நிக்க வச்சு வாசிக்கச் சொன்னதுக்கு என்ன அர்த்தம்?” என்றார்.

நேற்று நல்ல மழை. கடையில் எங்களைத் தவிர ஆளில்லை. சுதாகரன் மாற்றி எழுதிய தாளை அப்பாவிடம் நீட்டினார். “சத்தமா வாசிங்கப்பா.”

பழனியாண்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாக வாசித்தார். ‘எல்லா வீட்டிலும் புகை வந்தது. பானையில் தண்ணீர் மட்டும் இருந்தது’ என்ற இடத்தில் நின்றுவிட்டார்.

கடையின் சட்டப்படி, நின்ற வரி போய்விட வேண்டும். சுதாகரன் சிவப்புப் பேனையை எடுத்தார்.

“வாசிக்கத் தெரியாம நிக்கலடா” என்றார் பழனியாண்டி. “அன்னைக்கே அந்தப் பானையத் தெறந்து பாத்தவன் நான். அம்மாகிட்ட சொல்லல.”

மகனின் கையிலிருந்த பேனையை வாங்கித் தன் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினார்.