சலித்துக் கொடுத்த மண்

குடிநீர் நிலையத்தில் தொட்டி கழுவுகிறவர் அவர். ஊரே 'தொட்டிக்காரர்' என்றுதான் கூப்பிடும். வெள்ளம் வந்தால் மற்றவர்கள் தலையில் கை வைப்பார்கள். இவருக்கு மட்டும் வாயெல்லாம் பல். ஆற்றுநீர் தொட்டியில் நின்று தெளியும்போது அடியில் படியும் சேறு இவருக்குத்தான். அதைக் காயவைத்துத் தங்கையின் கீரைத் தோட்டத்துக்குக் கொடுப்பார். புருஷன் விட்டுப் போனபின் அந்தத் தோட்டம்தான் அவளுக்கும் மகளுக்கும் சோறு.

சும்மா அள்ளிக் கொடுக்கிற ஆளா அவர்? சல்லடையில் சலித்து, மணலைக் கழித்து, மாவு மாதிரிப் பொடிமண்ணை மட்டும் மூட்டை கட்டுவார். கழித்த மணல் தம்பிக்கு. அப்பா வீட்டை ஏமாற்றி எழுதி வாங்கிக்கொண்ட தம்பி!

"அந்தப் பயலுக்கு இது போதும், முற்றத்துல கொட்டிக்கட்டும்" என்பார்.

இந்த வெள்ளத்துக்குப் பிறகு அதிகாரிகள் வந்து தண்ணீரைச் சோதித்தார்கள். சுத்தம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். சேற்றைப் பார்க்க வேண்டும் என்று ஒரு மகராசனுக்கும் தோன்றவில்லை. இவரும் சந்தோஷமாக மூட்டைகளைச் சுமந்தார். கீரை தளதளவென்று வந்தது, தங்கை வீட்டிலும் தின்றார்கள்.

அப்புறம்தான் கதிர்வீச்சு அளக்கும் கருவியோடு ஒரு பெண் வந்தாள். தொட்டி ஓரத்தில் அது படபடவென்று அடித்துக்கொண்டது.

"தண்ணி நல்லதுன்னு சொன்னாங்களேம்மா?"

"தண்ணி நல்லதுதாங்க. ஆத்துக்கு மேல்பக்கம் இருக்கிற அணு உலையில கசிஞ்சது ஆத்தடிச் சேத்துல வருஷக்கணக்கா கிடந்திருக்கு. வெள்ளம் கிளப்பிக் கொண்டாந்துருச்சு. பொடிமண்ணுலதான் அது ஒட்டும், மணல்ல அவ்வளவா ஒட்டாது. இந்த மண்ண யாராவது எடுத்தாங்களா?"

அவர் அவளை மண் போன இடங்களுக்கெல்லாம் கூட்டிப்போனார்.

தம்பி முற்றத்தில் கருவி முனகக்கூட இல்லை. தங்கை தோட்டத்தில் கத்தித் தீர்த்தது. கீரையைப் பிடுங்கினார்கள், மேல்மண்ணைச் சுரண்டினார்கள், இனி எதுவும் பயிரிடக் கூடாது என்றார்கள். பிள்ளையையும் பரிசோதனைக்குக் கூட்டிவரச் சொன்னார்கள்.

தங்கை வெறும் பாத்தியைப் பார்த்தபடி கேட்டாள்.

"சின்னண்ணனுக்கு என்னண்ணே குடுத்தே?"

"கழிச்ச மணல்..."

"என்னையும் கொஞ்சம் வெறுத்திருக்கலாமேண்ணே."

சாயங்காலமே மகளைக் கூட்டிக்கொண்டு சின்னண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். பிள்ளை மண்ணில் விளையாட அங்கேதான் இடம் இருந்தது.