இறுதி ஊர்வலத்தை மறித்த எங்கள் கார்

போன வருடம் கோடை விடுமுறைக்கு இத்தாலி போயிருந்தபோது நடந்தது இது. நாங்கள் டென்மார்க்கில், கோல்டிங்கில் இருக்கிறோம். இங்குள்ள நம்மவர்கள் இத்தாலிக்குப் போனால் பார்க்கிற இடங்கள் தெரிந்தவைதான். ரோம், வெனிஸ், பீசாவில் சாய்ந்த கோபுரத்தைக் கையால் தாங்கிப் பிடிக்கிற மாதிரி ஒரு படம். கத்தோலிக்கச் சிநேகிதிகள் என்றால் கூடவே பதுவா அந்தோனியார் கோயில். மேல்வகுப்பில் படிக்கும் என் மகள், அந்தப் படம் தனக்கு வேண்டாம் என்றுவிட்டாள். மோலிசே என்கிற மாகாணத்தைத் தேடிப் பிடித்தது அவள்தான். நேப்பிள்ஸில் இறங்கி, காரில் மலைப் பக்கமாகப் போகவேண்டும். அப்படியொரு மாகாணமே கிடையாது என்று இத்தாலியர்களே பகிடி விடுவார்களாம். அந்த அளவுக்கு அங்கே ஆட்கள் போவதில்லை.

போனது வீண் இல்லை. ரோமர் காலத்து இடிந்த நகரம் ஒன்றில் எங்களைத் தவிர ஓர் ஆட்டு மந்தைதான் நின்றது. பழைய மதிலோடு ஒட்டியிருந்த வீட்டில் யாரோ துணி காயப்போட்டிருந்தார்கள். வரிசையில் நிற்கவில்லை, யாரும் எங்களை இடிக்கவில்லை. ஒரே ஒரு பிழை, வாடகைக் கார். சின்னக் கார்கள் முடிந்துவிட்டன என்று பெரிய காராகத் தந்திருந்தார்கள். என் கணவருக்கு அதில் உள்ளூர மகிழ்ச்சி.

ஒரு நாள் காலையில், குன்றின் உச்சியில் இருந்த ஒரு சின்ன ஊருக்குப் போனோம். ஊர் வாசலில் ஒரு சதுக்கம். அங்கே காரை விட்டுவிட்டு நடந்திருக்கலாம். கைபேசி வரைபடமோ, சதுக்கத்திலிருந்து மேலே தேவாலயத்துக்குப் போகும் ஒடுக்கமான சந்து வழியைக் காட்டியது.

"அப்பா, இது கார் போற பாதை இல்லை" என்றாள் மகள், வழக்கம்போல டேனிஷில்.

"போகும், போகும். கண்ணாடியை மடிச்சுவிட்டால் சரி" என்றார் அவர் தமிழில்.

போகவில்லை. சந்து வளைகிற இடத்தில் கார் இரண்டு பக்கமும் சுவரோடு உரசிக்கொண்டு நின்றுவிட்டது. முன்னுக்கும் அசையவில்லை, பின்னுக்கு எடுத்தாலும் பயங்கரமான சத்தம். கதவுகளைத் திறக்க இடமில்லை. அந்த நேரம் பார்த்து மேலே மணி அடிக்கத் தொடங்கியது, ஒவ்வொன்றாக, விட்டு விட்டு. நான் பின் கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தேன். கறுப்பு உடுப்போடு ஒரு கூட்டம் சந்துக்குள் ஏறி வந்துகொண்டிருந்தது. முன்னால் ஒரு பாதிரியார். அவருக்குப் பின்னால், ஆண்களின் தோளில் சவப்பெட்டி.

"இஞ்சருங்கோ, செத்தவீடு வருது" என்றேன் கணவரிடம்.

மகளும் நானும் பின் இருக்கையை மடித்து, டிக்கிக்குள்ளால் தவழ்ந்து வெளியே வந்தோம். நான் தலையில் வெயில் தொப்பியோடு காலை நீட்டி இறங்கிய இடம், சரியாகப் பெட்டிக்கு முன்னால். அந்த நிமிடத்தில் பூமி பிளந்திருந்தால் யோசிக்காமல் உள்ளே போயிருப்பேன்.

யாரும் சத்தம் போடவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு பெண்கள் சமையலறைக் கதிரைகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். பெட்டியை அவற்றின் மேல் இறக்கினார்கள். ஒருவர் ஒரு வீட்டுக்குள் நுழைந்து அதன் மறு வாசலால் காருக்கு முன்னால் போய் நின்றார். பின்னுக்குத்தான் எடுக்கவேண்டும் என்று கையால் காட்டினார். கார் பின்னுக்கு வருவதென்றால் ஊர்வலம் முழுவதும் சதுக்கத்துக்குத் திரும்பிப் போகவேண்டும். பெட்டியும்தான்.

எங்கள் ஊர் வழக்கப்படி வாசல் தாண்டிய பிரேதம் திரும்பக்கூடாது. அதை எங்களுக்காகத் தூக்கித் திருப்பினார்கள். பெட்டிக்குப் பின்னால் என் வயதுள்ள ஒரு பெண் நின்றார். அழுது வீங்கிய முகம். இறந்தவரின் மகள் என்று பார்த்ததுமே தெரிந்தது. அவரைக் கும்பிட்டு, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல ஆங்கிலத்தில் மெல்லச் சொன்னார்: "கவலைப்படாதீர்கள். அம்மா ஒருநாளும் ஒரே தடவையில் வீட்டை விட்டுப் போனதில்லை. எதையாவது மறந்துவிட்டு, ஒருமுறை திரும்பி வந்துதான் போவார்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவர் கையை விடவில்லை. அப்படியே இருவரும் பெட்டியோடு கீழே நடந்தோம். பின்னால் என் கணவர் அங்குலம் அங்குலமாகக் காரை இறக்கினார். சதுக்கத்துக்கு வந்தபோது அவருடைய சட்டை முழுக்க நனைந்திருந்தது.

ஊர்வலம் மறுபடி புறப்பட்டது. "நாங்களும் போகவேணும்" என்றாள் மகள். இந்தமுறை தமிழில் சொன்னாள்.

"செத்தவீட்டுக்குப் போயிட்டுக் குளிக்காமல் எங்க போறது?" என்று கேட்டார் கணவர். கேட்டுவிட்டு, காரைப் பூட்டிக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்தார்.

தேவாலயத்தில் கடைசி வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்தோம். ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் இருந்தோம். பூசை முடிந்து வாசலில் நின்றபோது ஒரு முதியவர் வந்து கைகொடுத்தார். இறந்தவரின் தம்பி, கனடாவில் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியவர். உங்கள் அக்காவைத் திருப்பிக் கூட்டிவர வைத்துவிட்டோம் என்றேன். அக்காவின் மகள் எனக்குச் சொன்னதையும் சொன்னேன்.

அவருக்கு விளங்கவில்லை. "அக்காவா மறப்பார்?" என்றார். அக்கா எதையும் மறந்ததே கிடையாதாம். தேவாலயத்துக்குப் போவதென்றாலும் எல்லாருக்கும் முதல் வெளிக்கிட்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் காத்திருப்பாராம். சொல்லிக்கொண்டு வந்தவர் பாதியில் நிறுத்தினார். தூரத்தில் ஆட்களோடு நின்ற அக்கா மகளை ஒருதரம் பார்த்தார். பிறகு என் தோளில் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

நான் அந்தப் பெண்ணிடம் போய் எதுவும் கேட்கவில்லை. பெட்டியை எடுக்கும்போது எங்களைப் பார்த்துத் தலையசைத்தார், அவ்வளவுதான். பிறகு நாங்கள் கடற்கரைப் பக்கம் இறங்கினோம். காரின் கீறல்களைப் பற்றி அன்று முழுவதும் ஒருவரும் கதைக்கவில்லை.

தாயைப் பெட்டியில் வைத்துக்கொண்டு நின்ற நேரத்தில், முன்பின் தெரியாத ஒருத்தியின் வெட்கம் அவர் கண்ணில் பட்டிருக்கிறது. அதற்காக ஒரு பொய்யையும் உடனே கண்டுபிடித்திருக்கிறார். இப்போதெல்லாம் யாராவது என் முன்னால் கூனிக்குறுகி நின்றால், அப்படி ஒரு பொய் எனக்கும் வாயில் வருகிறதா என்று பார்க்கிறேன். அது இன்னும் அவ்வளவு சுலபத்தில் வருவதில்லை.