பார்வோனின் செருப்பும் சாம்பவியின் தகப்பனும்

சாம்பவி பிறந்தது பாரிஸ் புறநகரான பியர்ஃபித்தில். தகப்பன் இராஜேந்திரன் ஒபர்வில்லியேயில் ஒரு துணிக் களஞ்சியத்தில் பெட்டி ஏற்றி இறக்குபவர். மகள் கணக்கியல் படித்துக் கந்தோரில் கதிரை போட்டு இருக்க வேண்டுமென்பது அவருடைய ஆசை. அவளோ இரண்டு வருடத்தில் அதை விட்டுவிட்டுப் பழைய எகிப்தின் எழுத்தையும் சரித்திரத்தையும் படிக்கப் போனாள். தகப்பன் கத்தவில்லை. அவளோடு கதைப்பதைக் குறைத்துக்கொண்டார்.

படிப்பு முடிந்ததும் பள்ளிக்கூடப் பிள்ளைகளை அருங்காட்சியகத்தின் எகிப்துக் கூடங்களுக்குக் கூட்டிப்போய் விளக்கும் வேலையில் சேர்ந்தாள். அந்த நாளில் யாராவது விசாரித்தால் இராஜேந்திரன் சொன்னது ஒன்றுதான்: "மகளுக்குக் கந்தோர் வேலை."

2016 வசந்தத்தில், பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில், சேலைக்கடைக்கு மேலிருக்கும் மண்டபத்தில் நாங்கள் நடத்தும் கூட்டத்தில் பேச அவளை அழைத்தேன். பண்டைய எகிப்தியர் தங்களோடு வாழ்ந்த வெளிநாட்டவரை எப்படிப் பார்த்தார்கள் என்பது தலைப்பு. ஞாயிற்றுக்கிழமை, கடை நேரம், யார் வருவார்கள் என்று எனக்குப் பயம். அவளுடைய பயம் வேறு.

"அப்பா வருவாரோ தெரியேல்லை, அண்ணை. வேலை இருக்கு எண்டவர்."

"ஞாயிற்றுக்கிழமையிலையோ?"

"அதுதான்."

பேச்சுத் தொடங்கியபின் இராஜேந்திரன் வந்தார். கழற்றாத ஜாக்கெட்டோடு கதவடியில் நின்றார்.

சாம்பவி படங்களைக் காட்டினாள். கோயில் சுவர்களில் நூபியரும் சிரியரும் லிபியரும் கை கட்டப்பட்டு அரசனின் காலடியில் கிடந்தார்கள். பார்வோனின் செருப்பின் உள்ளடியில்கூட அவர்களைக் கீறியிருந்தது, நடக்கும்போதெல்லாம் மிதிபடுவதற்கு.

"இது சுவரிலை. தெருவிலை வேறை கதை," என்றாள். "அதே நூபியர்தான் அங்கை பொலிஸ். சிரியாக்காரர் நெசவு செய்தவை, கோயில்லை வேலை பார்த்தவை, எகிப்தியரைக் கலியாணம் முடிச்சவை. எல்லாரும் விரும்பி வந்ததில்லை, போரிலை பிடிபட்டு வந்த ஆக்களும் இருந்தவை. ஆனால் பாஷை பேசி, அங்கத்தைய சீவியம் சீவிச்சால் அயலட்டைச் சனத்துக்கு அவையும் எகிப்தியர்தான்."

முன்வரிசையில் இருந்த சமையற்காரர் இஞ்ஞாசி கையை உயர்த்தினார்.

"பிள்ளை, அப்ப சுவரிலை உதை, குசினியிலை சோறு. எங்கட ரெஸ்ரோறன்ற் முதலாளியும் அப்பிடித்தான். ரிவியிலை வெளிநாட்டுக்காரரைக் கண்டால் ஏசுவார். நான் ஒரு கிழமை லீவு கேட்டால் அழுவார்."

மண்டபம் சிரித்து அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. சாம்பவியும் சிரித்தாள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

எங்கள் கூட்டங்களில் கேள்வி கேட்பவர் பேரும் ஊரும் சொல்ல வேண்டும். இஞ்ஞாசியை யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அடுத்துக் கதவடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"இராஜேந்திரன். சாம்பவியின்ர தகப்பன்."

எல்லாரும் திரும்பினார்கள். சாம்பவி கையிலிருந்த தாள்களை மேசையில் வைத்தாள்.

"அண்ணை, அது ஊரில்லையே," என்றார் இஞ்ஞாசி.

"அது காணும், போதும். கேட்க விடும்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "அங்கை வந்து இருந்த ஆக்கள் செத்தால் எங்கை தாட்டவை?"

"அங்கைதான், அப்பா. நைல் கரையிலை. எகிப்தியருக்குச் செய்யிற எல்லாம் செய்து. ஒரு சிரியப் போர்வீரனுக்கு வைச்ச கல் இருக்கு. அவரின்ர தாடியோடை, தங்கட நாட்டு உடுப்போடை கீறியிருக்கு. பக்கத்திலை எகிப்தியப் பெண்சாதி. பேரும் அவரின்ர சொந்தப் பேர்தான், எகிப்து எழுத்திலை."

"ஆரும் மாத்தச் சொல்லேல்லையோ?"

"மாத்தின ஆக்களும் இருக்கினம். இவர் மாத்தேல்லை."

இராஜேந்திரன் தலையை ஆட்டினார். ஜாக்கெட்டைக் கழற்றி மடித்து, கடைசி வரிசையில் இருந்தார். பேச்சு முடிந்தும் எழும்பவில்லை.

அந்தக் கிழமை அவருடைய களஞ்சியத்தில் வேலை செய்யும் ஒருவரைக் கண்டேன். சாப்பாட்டு நேரம் முழுக்க ஒரே எகிப்துக் கதைதானாம். மாலி நாட்டுக்காரருக்கும் சீனருக்கும் தன் அரைகுறைப் பிரெஞ்சில் அந்தத் தாடிக்காரரைப் பற்றிச் சொல்கிறாராம், ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால் "என்ர மகள் சொன்னவள்" என்று.